மயில்கள் ஆடிய பங்குனி

2022 மார்ச் 18, வெள்ளிக்கிழமை. அன்று பங்குனி உத்திரம். மும்பைத் தெருக்களில் ஹோலியின் வண்ணப்பொடி பறந்ததும் அன்றுதான். செம்பூர் செடா நகர் முருகனைக் காண விடியலிலேயே நீராடிப் புறப்பட்டவர்களுக்கு, பூமியின் மறுபக்கத்தில் அதே வேளையில் வேறு சில மயில்கள் ஆடிக்கொண்டிருந்தன என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் அப்போது 17ஆம் தேதி இரவு. செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி, கென்டக்கிப் பல்கலைக்கழக அணியைக் கூடுதல் நேர ஆட்டத்தில் 85–79 என்று வென்றது. அவ்வணியின் பெயர் ‘பீகாக்ஸ்’. மயில்கள் என்பதே அதன் பொருள்.

கூடைப்பந்தைப் பின்தொடராதவர்களுக்கு இந்த முடிவின் எடை விளங்கச் சிறு விளக்கம் தேவை. அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. தேசியத் தொடரில் 68 அணிகள் ஆடுகின்றன. அவை நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தர எண் பெறுகின்றன. முதற்சுற்றில் 2ஆம் எண் அணி 15ஆம் எண் அணியைச் சந்திக்கும். தோற்றவர் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். மறு வாய்ப்புக் கிடையாது. 1985இல் தொடர் 64 அணிகளாக விரிந்தது முதல் 2022 வரை, கோவிட்டால் கைவிடப்பட்ட 2020ஐ நீக்கினால், இத்தகைய ஆட்டங்கள் 148 நடந்துள்ளன. அவற்றில் 15ஆம் எண் அணி வென்றவை பத்தே பத்து. கென்டக்கி எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற கல்லூரி. செயின்ட் பீட்டர்ஸோ அதற்கு முன் 1991, 1995, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே இத்தொடருக்கு வந்து, மூன்று முறையும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் திரும்பியது.

மயில் என்ற பெயருக்கு முருகனோடு தொடர்பில்லை. டச்சுக்காரர் ஒருவரோடு தொடர்புண்டு. 1630இல் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் நிலவுரிமை பெற்ற மைக்கேல் பாவ் என்பவரின் குடும்பப் பெயருக்கு டச்சு மொழியில் மயில் என்று பொருள். அதை இலத்தீனாக்கி அந்நிலத்துக்குப் ‘பவோனியா’ என்று பெயர் வைத்தனர். பவோனியா பின்னாளில் ஜெர்சி சிட்டி ஆயிற்று. பெயர் மறைந்தும் மயில் மட்டும் கல்லூரியின் சின்னமாகத் தங்கிவிட்டது. 1872இல் இயேசு சபையினர் நிறுவிய கல்லூரி அது. அதே சபையினர் மும்பையில் தொடங்கிய புனித சவேரியார் கல்லூரிக்கு (1869) மூன்றாண்டு இளையது. இடையில் 1918இல் மூடப்பட்டு, 1930இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆக, அந்தப் பங்குனி அதன் நூற்றைம்பதாம் ஆண்டில் வந்தது.

மும்பைத் தமிழருக்கு அந்நகரின் நில அமைப்பு எளிதில் பிடிபடும். ஹட்சனின் ஒரு கரையில் மன்ஹாட்டனின் கோபுரங்கள். மறுகரையில் ஜெர்சி சிட்டி. மித்தி ஆற்றின் ஒரு கரையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள், மறுகரையில் தாராவி. ஒப்புமையை அளவுக்கு மேல் நீட்டக்கூடாது. ஜெர்சி சிட்டியின் ஆற்றோரம் இன்று பணம் படைத்தோர் வாழும் பகுதி. தாராவிக்கு அந்த நிலை இல்லை. எனினும் கல்லூரி நிற்கும் கென்னடி சாலைப் பக்கம் ஆற்றோரம் போன்றதன்று. அதிகத் தொலைவில்லாத ஜர்னல் சதுக்கத்தை அடுத்து ‘இந்தியச் சதுக்கம்’ எனப்படும் நியூவர்க் அவென்யூ இருக்கிறது. சேலைக் கடைகளும் மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் நெருங்கிய தெரு அது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து போன ஒருவர் அங்கே வழி தவற மாட்டார். கல்லூரியின் மாணவரில் பெரும்பகுதியினர் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர், கறுப்பினத்தவர், குடியேறிகளின் பிள்ளைகள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் பலர். தாராவியிலிருந்து நடந்தே மாட்டுங்காவின் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளை அறிந்தோருக்கு, அந்த வளாகத்தின் முகங்கள் அந்நியமாகத் தோன்ற மாட்டா.

விளையாட்டும் அப்படி அந்நியமானதன்று. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்த ஆட்டம் இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியப் பள்ளிகளின் திடல்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டு சேர்த்த உடற்கல்வி ஆசிரியர்களில் பலர் அங்கிருந்தே கிளம்பினர். மும்பையில் அதற்குப் பெரும் கோட்டையாக விளங்குவது நாக்பாடா. மஸ்தான் தாலாவ் ஒய்.எம்.சி.ஏ. திடலும் அதைச் சூழ்ந்த சந்துகளும் இந்திய அணிக்கு ஆட்டக்காரர்களைத் தந்த இடங்கள். 1970இல் அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முந்தாசிர் அந்த மண்ணில் உருவானவர். மாட்டுங்காவில் இந்தியன் ஜிம்கானாவிலும் டான் போஸ்கோ பள்ளியிலும் பந்து தரையில் மோதும் ஒலி பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறது. ரூயா (1937), கால்சா (1937), பொதார் (1941) என்று கல்லூரிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அந்த வட்டாரத்தில், கிரிக்கெட் மட்டையோடு போகும் மாணவனுக்கு ஊரே வழிவிடும்; கூடைப்பந்தோடு போகும் மாணவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை தொடங்கிவிட்டால் திறந்தவெளித் திடல்கள் நான்கு மாதம் நனைந்து கிடக்கும். 2019 அக்டோபரில் வொர்லியின் என்.எஸ்.சி.ஐ. அரங்கில் இண்டியானா பேசர்ஸ், சாக்ரமெண்டோ கிங்ஸ் ஆகிய என்.பி.ஏ. அணிகள் இரண்டு ஆட்டங்கள் ஆடின. அப்போது நகரமே கூடைப்பந்தைப் பற்றிப் பேசியது. இரண்டு நாளில் பேச்சு ஓய்ந்தது.

இனி அந்த அணியின் பருவத்துக்கு வருவோம். பயிற்றுநர் ஷஹீன் ஹாலவே நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 1996இல் நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர்களுக்கான மெக்டொனால்ட்ஸ் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் அவர்தான். அதே ஆட்டத்தில் ஆடிய மற்றொரு சிறுவனின் பெயர் கோபி பிரயன்ட். கோபியின் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஹாலவே சீட்டன் ஹால் கல்லூரிக்கு ஆடி, என்.பி.ஏ.வில் இடம் கிட்டாமல், பின்பு பயிற்சித் துறைக்கு வந்தார். 2018இல் செயின்ட் பீட்டர்ஸ் அணியை ஏற்றபோது முதற்பருவத்தில் 10 வெற்றி, 22 தோல்வி. எந்த நிர்வாகத்துக்கும் கலக்கம் தரக்கூடிய கணக்கு அது. ஆனால் அவர் தொடர்ந்தார்; அணியும் மெல்ல மெல்லத் தேறியது.

2021–22 பருவமும் அற்புதமாக ஒன்றும் தொடங்கவில்லை. கோவிட் தொற்றால் நடுவில் சில வாரங்கள் ஆட்டமே இல்லை. பிப்ரவரியின் பிற்பகுதியில் கணக்கு 12 வெற்றி, 11 தோல்வி. அந்த நாளில் பருவத்தை முடித்திருந்தால், அவ்வணி குறித்து எழுத ஒரு வரியும் இருந்திராது. அதன் பின்னர் ஏழு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. மெட்ரோ அட்லாண்டிக் என்னும் அதன் வட்டாரக் கூட்டமைப்பில் முதலிடம் பிடித்திருந்த அணி ஐயோனா. அதன் பயிற்றுநர் புகழ்பெற்ற ரிக் பிட்டினோ. அந்த ஐயோனாவைக் காலிறுதியிலேயே ரைடர் கல்லூரி வீழ்த்திவிட்டது. வழி திறந்தது. மார்ச் 12 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மான்மத் அணியை 60–54 என்று வென்று, செயின்ட் பீட்டர்ஸ் தேசியத் தொடருக்குத் தகுதி பெற்றது.

அவ்வணியின் ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கும் ஒன்றும் இல்லை என்பதே அதன் சிறப்பு. பத்துப் பேர் வரை மாறி மாறி இறங்குவர். எதிரணியின் கையில் பந்து இருக்கும் ஒவ்வொரு கணமும் அவர்களுக்கு உழைப்பின் கணம். கே.சி. என்டெஃபோ என்னும் முன்கள ஆட்டக்காரர் தம் கூட்டமைப்பின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை பெற்றவர். தம்மைவிட உயரமானவர்களின் எறிதலைத் தட்டிவிடுவதில் வல்லவர். மாலி நாட்டிலிருந்து வந்த ஹாசன், ஃபுசெய்னி திராமே இருவரும் இரட்டையர். டாரில் பேங்க்ஸ் தேவையான நேரத்தில் புள்ளி சேர்ப்பவர். மெல்லிய மீசையோடு மாற்று ஆட்டக்காரராக இறங்கும் டக் எடர்ட் பின்னர் நாடறிந்த முகமானார். தொடக்க ஐவரில் இடமில்லாத ஒருவர் ஓர் அணியின் முகமாவது பல ஆட்டங்களில் நிகழக்கூடியதன்று; கூடைப்பந்தில் அது இயலும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. கென்டக்கி ஆடவர் கூடைப்பந்துக்கு ஓராண்டில் செலவிட்டது சுமார் 1 கோடியே 83 லட்சம் டாலர். செயின்ட் பீட்டர்ஸ் செலவிட்டது சுமார் 16 லட்சம் டாலர். கென்டக்கியின் பயிற்றுநர் ஜான் காலிப்பரியின் ஆண்டு ஊதியம் மட்டுமே 80 லட்சம் டாலருக்கு மேல். அந்த ஒருவருடைய ஊதியத்தில் மயில்களின் அணியை ஐந்து ஆண்டுகள் நடத்தலாம்.

அந்த இரவில் கென்டக்கியின் ஆஸ்கார் சிப்வே குறை வைக்கவில்லை. அவ்வாண்டின் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரரான அவர் 30 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஆனால் பேங்க்ஸ் 27, எடர்ட் 20. முறையான நேரம் முடிந்தபோது 71–71. கூடுதல் ஐந்து நிமிடங்களில் பதற்றம் பெரிய கல்லூரியின் பக்கமே தெரிந்தது. இதைத் தற்செயல் என்று சொல்ல விரும்பியோருக்கு இரண்டே நாளில் பதில் கிடைத்தது. 21 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று வந்திருந்த மரே ஸ்டேட் அணி 70–60 என்று தோற்றது. என்டெஃபோ 17 புள்ளி, 10 ரீபவுண்டு, 6 தடுப்பு. அன்று செய்தியாளர்கள் எதிரணியின் முரட்டு ஆட்டம் பற்றிக் கேட்டபோது, தம் பிள்ளைகள் நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் வளர்ந்தவர்கள், அவர்கள் எதற்கு அஞ்சப்போகிறார்கள் என்று ஹாலவே திருப்பிக் கேட்டார். பயிற்றுநர்கள் சொல்லும் வழக்கமான வீரவசனம்தான். ஆயினும், பிறந்த தெருவின் பெயரைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று முகவரியை மாற்றி எழுதப் பழகிய இளைஞர்கள் உள்ள நகரத்தில், அந்தப் பதிலைப் படிப்போருக்கு அது வேறு விதமாக ஒலிக்கும்.

மார்ச் 25இல் பிலடெல்பியாவில் பர்டியூ. அதன் நடுக்கள ஆட்டக்காரர் சாக் ஈடியின் உயரம் 7 அடி 4 அங்குலம். அவரை எதிர்கொண்ட மயில்களில் ஒருவரும் அவர் தோளுக்குமேல் எட்டவில்லை என்றுகூடச் சொல்லலாம். உயரத்தை உயரத்தால் எதிர்க்க இயலாதபோது, உயரமானவனிடம் பந்து போய்ச் சேரும் வழியைக் கெடுப்பதே அறிவு. அதைத்தான் அன்று செய்தனர். பந்தை உள்ளே தரும் கைகள் ஒவ்வொன்றையும் நெருக்கினர். பர்டியூ பந்தைத் தவறவிட்ட வண்ணம் இருந்தது. முடிவு 67–64. 15ஆம் எண் அணி ஒன்று கடைசி எட்டு அணிகளுள் இடம்பெற்றது தொடரின் வரலாற்றில் அதுவே முதல் முறை. இரண்டு நாள் கழித்து வட கரோலினா அவர்களை 69–49 என்று நிறுத்தியது. இடைவேளையிலேயே 38–19. அர்மாண்டோ பேகாட் 22 ரீபவுண்டு எடுத்தார். அந்த ஆட்டத்தில் மயில்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பத்து நாள் முழுக்கத் தூக்கிச் சென்ற கால்கள் அன்று நின்றுவிட்டன.

இத்தகைய அணிகளை அமெரிக்க ஊடகங்கள் ‘சின்ட்ரெல்லா’ என்று அழைக்கும். அழகான சொல், ஆனால் பொருந்தாத சொல். சின்ட்ரெல்லாவுக்குத் தேர் தந்தது தேவதை. இவர்களுக்கு யாரும் எதையும் தரவில்லை. 10–22 என்ற முதற்பருவம், தொற்றுக்காலத்தில் பூட்டிக் கிடந்த அரங்கம், ஒற்றையர் ஓட்டமாகச் செய்த பயிற்சி, 12–11 என்ற பிப்ரவரி ஆகிய அனைத்தையும் ஒரே சொல்லால் துடைத்துவிட்டு மாயம் என்று பெயரிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. உழைப்பு என்று ஒப்புக்கொண்டால், அதே உழைப்பைச் செய்யும் மற்ற நூற்றுக்கணக்கான ஏழைக் கல்லூரிகள் ஏன் அங்கு வரவில்லை, 16 லட்சமும் 1 கோடியே 83 லட்சமும் ஒரே திடலில் ஏன் நிற்கின்றன என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிவரும். மாயம் என்றால் கைதட்டிவிட்டுப் போகலாம். தாராவியிலிருந்து ஒரு பிள்ளை தேர்வில் முதலிடம் பெற்றால் நாளிதழ்கள் எழுதும் முறையும் இதுவே. சேற்றில் செந்தாமரை என்பார்கள்; சேற்றைப் பற்றி அடுத்த வாரம் யாரும் எழுதுவதில்லை. 148இல் பத்து என்ற கணக்கை வைத்துக்கொண்டு, மீதி 138 அணிகளின் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று எந்த ஆய்வாளரும் முடிவு கட்ட இயலாது.

பருவம் முடிந்ததும் நடந்தவை அதைவிடக் கூர்மையானவை. வட கரோலினாவிடம் தோற்ற மூன்றாம் நாள், மார்ச் 30 அன்று, ஹாலவே தாம் படித்த சீட்டன் ஹாலுக்குப் பயிற்றுநராகப் போனார். அதே நியூஜெர்சிதான், சற்றுத் தொலைவுதான், ஊதியம்தான் வேறு. ஆட்டக்காரர்களும் கலைந்தனர். என்டெஃபோ தம் பயிற்றுநரைத் தொடர்ந்து சீட்டன் ஹால், பேங்க்ஸ் செயின்ட் பொனவெஞ்சர், எடர்ட் பிரயன்ட், திராமே இரட்டையர் லா சால், மேத்யூ லீ மிசூரி ஸ்டேட். 2021இல் இரண்டு விதிகள் மாறியிருந்தன. ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முறை மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு வெளியே அமர வேண்டியதில்லை என்றாயிற்று. தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்பதும் அவ்வாண்டு ஜூலை முதல் அனுமதிக்கப்பட்டது. எடர்ட் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே ஓர் உணவகச் சங்கிலியின் விளம்பரத்தில் தோன்றினார்.

பலர் இதைத் துரோகம் என்றனர். அவர்களைக் குறை சொல்வது எளிது; ஆனால் குறை சொல்லத் தக்க நியாயம் புலப்படவில்லை. பயிற்றுநர் போனால் அது முன்னேற்றம், மாணவர் போனால் அது நன்றிகெட்டதனம் என்று இரண்டு அளவுகோல்கள் இருக்க முடியாது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு அந்தப் பத்து நாட்கள் தந்த விலை, அடுத்த ஆண்டு இருக்காது என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும். இழப்பு உண்மையானது, அது கல்லூரிக்கும் அந்தத் தெருக்களுக்கும் நேர்ந்தது. அடுத்த பருவத்தில் பாஷிர் மேசன் என்ற புதிய பயிற்றுநரின் கீழ், ஏறக்குறைய புத்தம் புதிய அணியோடு, கணக்கு 14 வெற்றி, 18 தோல்வி.

மாட்டுங்காவில் இந்தக் கலைதல் வேறு வகையில் நடக்கும். இந்தியக் கல்லூரி அணி ஒவ்வொன்றும் மூன்றாண்டில் தானாகக் கலைவது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர், மும்பைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்கள், தேர்வானால் மேற்கு மண்டலம், அதையும் தாண்டினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்று போவார். அதன் பின் அவருக்கு முன்னால் இருப்பது ரயில்வே அல்லது வங்கி அல்லது காவல்துறையின் வேலை விண்ணப்பம். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2017இல் பெங்களூரில் கஜகஸ்தானை 75–73 என்று வென்று ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவுப் பட்டத்தைப் பெற்ற பவுல்துரை அனிதாவும் தெற்கு ரயில்வே ஊழியரே. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை ஏளனமாகப் பேசுவோர், அந்த ஒரு வேலை ஒரு குடும்பத்தைச் சாலின் ஒற்றையறையிலிருந்து வெளியே கொண்டுவருவதைக் கண்டிருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளை வேறு கல்லூரிகள் விலை பேசுவதில்லை. விலை பேசும் அளவுக்குச் சந்தை இல்லை என்பதே காரணம். 2015 முதல் சில பருவங்கள் யு.பி.ஏ. என்ற தொழில்முறைத் தொடர் நடந்தது. மும்பைக்கும் அதில் ஓர் அணி இருந்தது. தொடர் நின்றது, அணியும் இல்லை.

செயின்ட் பீட்டர்ஸ் அணி ஆடும் அரங்கின் பெயர் ‘ரன் பேபி ரன்’. மூவாயிரத்துச் சொச்சம் பேர் அமரலாம். 1968இல் அதே கல்லூரியின் ஓட்டக்கார அணி ஒன்று, நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. தொடரில் டியூக் பல்கலைக்கழகத்தை 100–71 என்று திணறடித்தது. அவ்வணியின் நினைவாகவே 2021இல் புதுப்பிக்கப்பட்ட அரங்குக்கு அப்பெயர் இட்டனர். ஆக, 2022இன் அணி ஆடிய தரை, 54 ஆண்டுகளுக்கு முந்தைய மற்றொரு பருவத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அந்த 1968 அணியும் கலைந்த அணிதான்.

2024 மார்ச்சில் பாஷிர் மேசனின் அணி தன் கூட்டமைப்பில் ஐந்தாம் இடத்திலிருந்து எழுந்து, இறுதியில் ஃபேர்ஃபீல்டை 68–63 என்று வென்று மீண்டும் தேசியத் தொடருக்கு வந்தது. தர எண் அதே 15. முதல் ஆட்டத்திலேயே டென்னசி 83–49 என்று வென்று அனுப்பியது. அதற்கடுத்த சில வாரங்களில், ஏப்ரல் தொடக்கத்தில், ஹாலவேயின் சீட்டன் ஹால் இண்டியானா ஸ்டேட்டை 79–77 என்று வென்று கோப்பை ஒன்றைக் கைப்பற்றிற்று. அது என்.ஐ.டி. கோப்பை.